விதைத்த நெல்லைத் தின்றது கவுதாரியா, மயிலா, புறாவா? வயல்காரர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

புரட்டாதி பிறந்து வானம் கறுக்கத் தொடங்கிவிட்டால் யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் எங்கள் வயலடித் தேநீர்க் கடையில் இரண்டே கதைதான். ஒன்று, மழை எப்போது வரும். மற்றது, "விதைச்சதையெல்லாம் கவுதாரி பொறுக்கிப்போட்டுது." இரண்டாவது கதையில் கவுதாரி மேல் சுமத்தப்படும் குற்றத்தில் பாதிக்கு மேல் அது செய்யாதது என்பது என் எண்ணம். அயலவர்களும் சொந்தக்காரர்களும் வருடா வருடம் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்லி வருகிற பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

நிலப் பறவை என்று எவற்றைச் சொல்கிறீர்கள்?

நிலத்தில் நடந்து, கிளறி இரை தேடி, நிலத்திலேயே முட்டையிடும் பறவைகளை. ஆபத்து வந்தால் முதலில் ஓடும், வேறு வழியில்லை என்றால்தான் பறக்கும். யாழ்ப்பாணத்துக்குக் கவுதாரி, காடை, மயில் என்று மூன்றைச் சொன்னால் போதும். ஆனையிறவைத் தாண்டி வன்னிப் பக்கம் போனால் காட்டுக்கோழியும் சேரும். புறா இந்தக் கூட்டத்தில் இல்லை. அது மரத்தில் கூடு கட்டும், நிலத்தில் இறங்கிச் சாப்பிடும், அவ்வளவுதான். ஆனால் பழி போடும்போது நாங்கள் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் போடுகிறோம். அதனால் புறாவும் இந்தப் பக்கத்தில் வரும்.

கவுதாரி விதை நெல்லைத் தின்னுமா, தின்னாதா?

தின்னும். அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் நெல்லுக்காக மட்டும் வயலுக்கு வருகிற பறவை அல்ல அது. கறையான், வண்டு, வெட்டுக்கிளி, புல் விதை, களை விதை என்று கிடைப்பதையெல்லாம் தின்னும். மழைக்கு முன் புழுதி உழவு போட்டிருக்கும் வயலில் கறையானும் புழுவும் மேலே வந்து கிடக்கும். கவுதாரி கிளறுவது பெரும்பாலும் அதற்காகத்தான். கிளறும்போது நெல் மணி கண்ணில் பட்டால் விட்டுவிடுமா? விடாது.

இந்தப் பறவைக்கு யாழ்ப்பாண மண் நன்றாகப் பிடிக்கும். இலங்கையில் அது எல்லா இடமும் இல்லை. வடக்கு, வடமேற்குக் கரையோர வரண்ட பகுதிகளில்தான் அதன் குரல் கேட்கும். விடியப்புறம் பனங்கூடலுக்குள் இருந்து ஒன்று தொடங்க, அடுத்த காணியில் இருந்து மற்றது பதில் கொடுக்கும். கொழும்பில் இருந்து வந்த என் மருமகன் முதல் நாள் அந்தச் சத்தத்துக்கு எழும்பி, யாரோ சண்டை பிடிக்கிறார்கள் என்று வெளியே வந்து பார்த்தான்.

ஒரு கவுதாரிக் கூட்டம் எவ்வளவு நெல்லைத் தின்றுவிடும்?

கணக்குப் போட்டே பார்ப்போம். வளர்ந்த கவுதாரி கிட்டத்தட்ட 300 கிராம் இருக்கும். தன் எடையில் பத்தில் ஒரு பங்கை ஒரு நாளில் தின்கிறது என்றும், வேறு எதையும் தொடாமல் நெல்லை மட்டுமே தின்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். அதாவது கவுதாரிக்கு எதிராக எவ்வளவு கடுமையாகப் போடலாமோ அவ்வளவு கடுமையாகப் போடுவோம். நாளுக்கு 30 கிராம். ஆயிரம் மணி 25 கிராம் நிறுக்கும் நெல் என்றால் அது 1200 மணி.

ஏக்கருக்கு 2 புசல் விதைத்தால், ஏறத்தாழ 42 கிலோ, ஒரு சதுர மீற்றரில் 400 மணிக்குக் கிட்ட விழும். ஆக ஒரு கவுதாரி ஒரு நாளில் 3 சதுர மீற்றர் விதையைத் தின்கிறது. எட்டுப் பறவைகள், பத்து நாள்: 240 சதுர மீற்றர். எங்கள் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு பரப்பு. ஏக்கருக்குப் பதினாறு வரும் அந்தப் பரப்பைத்தான் சொல்கிறேன். காணி உறுதியில் "வரகு" என்று எழுதியிருக்கும் பரப்பு அதுதான். வரகு விதைப்பு அற்றுப்போன பின்னும் அதன் பெயர் காணி அளவில் நிற்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

சரி, பதினாறில் ஒன்று. சின்ன நட்டம் என்று சொல்லமாட்டேன். ஆனால் இது அந்த எட்டுப் பறவைகளும் பத்து நாளும் உங்கள் வயலை விட்டு அசையாமல், புழு பூச்சி ஒன்றையும் தொடாமல் தின்றால் வரும் கணக்கு. நடப்பதில் அதில் பாதிகூட வராது. எங்கள் ஊரில் 2 புசலோடு கையை நிறுத்துகிறவர்களும் குறைவு. "குருவிக்கும் சேர்த்து" என்று சொல்லி இன்னும் அரைப் புசல் வீசுவார்கள். மிஞ்சி நிற்கிற நெல் மட்டம் வெடித்து, அதாவது அடியில் இருந்து புதுத் தண்டு விட்டு, இடைவெளியை மூடும். அறுவடையில் அந்த நட்டம் தெரிவதில்லை.

பிறகு ஏன் என் வயலில் வேலியோரம் முழுக்க வெட்டையாகக் கிடக்கிறது?

அதுதான் சரியான கேள்வி. மேலே போட்டது வயல் முழுவதுக்குமான கணக்கு. நிலப் பறவை வயல் முழுவதும் பரவி மேயாது. பற்றையில் இருந்து இறங்கும், ஐந்து பத்து மீற்றர் வரை வரும், ஒரு நாயோ பருந்தோ தெரிந்தால் திரும்பிப் பற்றைக்குள் ஓடும். ஆகவே தின்பது எல்லாம் ஒரே கரையில்தான். நடு வயல் பச்சைப் பாயாக இருக்கும், வேலியோரம் மொட்டையாகக் கிடக்கும். பார்க்கிற கண்ணுக்கு அந்த மொட்டைதான் முதலில் படும்.

நான் அந்தக் கரையில் இரண்டு மீற்றர் அகலத்துக்குக் கொஞ்சம் அடர்த்தியாக விதைக்கிறேன். ஒரு ஏக்கருக்கு மேலதிகமாக நான்கைந்து கிலோ போகும். காவலுக்கு ஆள் பிடிக்கிற கூலியோடு பார்த்தால் அது மலிவு.

யார் தின்றது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விடிய ஆறு மணிக்கு வரம்பில் போய் இருங்கள். அதைவிட நல்ல வழி இல்லை. போக முடியாதவர்கள் மண்ணைப் பார்க்கலாம்.

புறா கிளறாது. காலால் மண்ணைத் தள்ளுகிற பழக்கமே அதற்கு இல்லை. மேலே கிடக்கும் மணியைத்தான் பொறுக்கும். மண் கலையாமல் விதை மட்டும் காணாமல் போயிருந்தால் புறாவை நினையுங்கள். கவுதாரி கிளறினால் சின்னச் சின்னக் கீறல்கள், உள்ளங்கை அளவு மேலோட்டமான குழிகள் தெரியும். பக்கத்திலேயே மணற்பாங்கான இடத்தில் புழுதி குளித்த வட்டக் குழியும் ஓரிரு இறகும் கிடக்கும். மயில் கிளறிய இடத்தைக் காட்டித் தரவே தேவையில்லை. கோழி கிளறியதைப் போல நான்கு மடங்கு, கூடவே மூன்று விரல் பெரிதாக விரிந்த கால் தடம், மிதிபட்டுச் சாய்ந்த முளை.

நிலத்தில் உமி குவிந்து கிடந்தால் அது எலி. வளர்ந்த பயிரின் தண்டு சரிவாக வெட்டுப்பட்டிருந்தாலும் எலிதான். எறும்புப் புற்று வாசலில் உமியும் நெல்லும் சிதறிக் கிடந்தால் பறவையைத் திட்டி வேலையில்லை. மழை பிந்திய வருடங்களில் எறும்பு இழுத்துக்கொண்டு போகிற விதையை நாங்கள் குறைவாக மதிக்கிறோம் என்பது என் சந்தேகம். ஒருமுறை என் சித்தப்பாவும் நானும் கவுதாரி என்று அடம்பிடித்துக் காவல் இருந்து, கடைசியில் பிடித்தது அயல்வீட்டுக் கோழிகள் ஏழு. அந்தக் கதையை அயலவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய பிரச்சினையாகிப் போனது.

எந்த நாட்களில் கவனமாக இருக்க வேண்டும்?

விதைத்த நாளில் இருந்து முளை நிலத்துக்கு மேல் வந்து இரண்டு இலை விடும்வரை. மழை உடனே கிடைத்தால் பத்து நாள், அவ்வளவுதான். இலை வந்து, விதைக்குள் இருந்த மாப்பொருளும் முடிந்துவிட்டால் கவுதாரிக்கும் புறாவுக்கும் அந்தப் பயிரில் வேலை இல்லை.

எங்கள் வில்லங்கம் புழுதி விதைப்பு. குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை, வயல் வானத்தை நம்பியது. மழைக்கு முன்னே காய்ந்த மண்ணில் விதைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டு இருக்கிறோம். மழை மூன்று கிழமை பிந்தினால் விதை மூன்று கிழமையும் பறவைக்கும் எறும்புக்கும் விரித்து வைத்த பந்திதான். ஆகவே பறவை நட்டம் என்று நாங்கள் சொல்வதில் ஒரு பங்கு உண்மையில் மழை நட்டம். விதைத்த அன்றே, முடிந்தால் வீசிய கையோடு, லான்ட்மாஸ்டரால் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) மறு உழவு ஓட்டி விதையை இரண்டு மூன்று சென்ரிமீற்றர் மண்ணுக்குள் தள்ளிவிடுங்கள். "நாளைக்கு மறுக்கலாம்" என்று விட்ட விதையில் அன்று பின்னேரமே புறா இறங்கிவிடும்.

இரண்டாவது ஆபத்து தையில். கதிர் முற்றி நிற்கும்போது காற்றுமழை வந்து பயிர் சாய்ந்தால், நிலத்தில் படிந்த கதிரைக் கவுதாரி எட்டும். நிமிர்ந்து நிற்கிற கதிரை அது எட்டாது. மொட்டைக்கறுப்பன் போன்ற உயரமான நாட்டு நெல் போடுகிறவர்களுக்கு இது கூடுதல் கவலை.

எங்கள் வயலிலும் என் தம்பி வயலிலும் ஒரே விதை, ஒரே மண். எனக்கு மட்டும் ஏன் நட்டம்?

எப்போது விதைத்தீர்கள் என்று பாருங்கள். வெளி முழுவதும் ஒரே கிழமையில் விதைத்தால் இருக்கிற பறவைகள் அத்தனை வயலுக்கும் பிரிந்து போகும். ஒருவர் மட்டும் இரண்டு கிழமை முந்தினாலோ பிந்தினாலோ ஊரில் உள்ள பறவை எல்லாம் அவருடைய விருந்தாளி. முன்பு கோயிலடியில் கூடி நாள் பார்த்து விதைப்புத் தொடங்கியதில் நல்ல நேரம் மட்டும் அல்ல, இந்த விஷயமும் இருந்திருக்கிறது.

மயிலும் அதே மாதிரித்தானா?

இல்லை. மயிலுக்கு வேறு கணக்கு. ஆண் மயில் 4 முதல் 6 கிலோ. பேடு அதைவிடக் குறைவு. கவுதாரியின் பத்து முதல் இருபது மடங்கு உடம்பு. அது விதையையும் தின்னும், முளைத்த கன்றையும் பிடுங்கும், பால் பிடிக்கும் கதிரை நின்ற நிலையிலேயே உருவும், பிறகு மிதித்துச் சாய்த்துவிட்டுப் போகும். பத்து நாள் காவலோடு முடிகிற காரியம் அல்ல, விதைப்பில் இருந்து அருவி வெட்டு (அறுவடை) வரை தலையிடி. மரத்தில் தங்குகிற பறவை என்பதால் வேலி ஒரு பொருட்டில்லை. நாலடி வலை கட்டினால் அதன் மேலே ஏறி நின்று அகவும்.

நிலப் பறவைகளில் தானியக்காரன் உண்மையாகக் கவலைப்பட வேண்டியது மயிலைப் பற்றித்தான். கவுதாரியைத் திட்டுவது எளிது, அது சின்னது, யாரும் அதற்காகச் சண்டைக்கு வரமாட்டார்கள். மயிலைத் திட்டினால் வீட்டிலேயே சண்டை வரும்.

அப்பு காலத்தில் இங்கே மயில் இல்லையே?

எங்கள் அப்புவும் அதைத்தான் சொன்னார். மயில் பார்க்க வன்னிக்குப் போக வேண்டும் என்பார். மயில் கூடியது இலங்கை முழுவதும் நடந்த கதை. நிலத்தில் முட்டையிடுகிற பறவை அது. முட்டையையும் குஞ்சையும் தின்னும் நரி போன்றவை குறைந்தால் பிழைக்கும் குஞ்சு கூடும்.

வடக்கில் அதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து சனம் போரால் இடம்பெயர்ந்தபோது விட்டுப்போன தோட்டங்கள் இருபது, முப்பது வருடம் ஆளில்லாமல் பற்றைக்காடாகின. முகமாலைப் பக்கம் மிதிவெடி புதைந்த நிலத்துக்குள் ஆளும் போகவில்லை, மாடும் போகவில்லை. மனிதன் காலடி படாத இடம் நிலப் பறவைக்குப் பிறந்த வீடு மாதிரி. காணி விடுபட்டு, திரும்பி வந்து, பற்றை வெட்டி முதல் போகம் விதைத்தவர்கள், "எங்கட காணியில எங்களுக்கு முதல் அதுகள் குடியிருக்குது" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன்.

மயில் முருகனின் வாகனம். அதை விரட்டலாமா?

விரட்டலாம். கொல்வதைத்தான் பேசக்கூடாது. நல்லூரானைக் கும்பிடுகிற ஊரில் இந்தக் கேள்வி வருவது நியாயம். ஆனால் ஒன்றை யோசியுங்கள்: வள்ளி செய்த வேலையே தினைப்புனத்தில் பரண் மேல் இருந்து "ஆலோலம்" பாடிப் பறவை விரட்டியதுதான். பிறகு அவள் போய்ச் சேர்ந்த வீட்டில் மயில் நின்றது வேறு கதை. தட்டை, தழல், கவண் என்று பறவை ஓட்டுகிற கருவிகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்திருந்தது பழைய தமிழ். அவற்றைப் பிடித்தவர்களும் பெரும்பாலும் பெண்பிள்ளைகள். பறவை ஓட்டுவதில் பாவம் பார்த்ததாகத் தெரியவில்லை.

காடை?

நெல்லுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. எங்கள் வயலில் அதிகம் காண்பது குறுக்குக் கோடு போட்ட சின்னக் காடை. கைக்குள் அடங்கும். அதன் காலைப் பார்த்தால் பின் விரல் இருக்காது, முன்னே மூன்று மட்டும்தான். உண்மையான காடைக் குடும்பத்தைச் சேர்ந்ததும் அல்ல. வீட்டு முறையும் தலைகீழ்: பேடு பெரிது, நிறமும் பேட்டுக்குத்தான். அது முட்டையிட்டுவிட்டு அடுத்த சேவலைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் சேவல். கடையில் வாங்குகிற முட்டையும் இறைச்சியும் யப்பான் காடையுடையவை, கூட்டில் வளர்ப்பது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

காட்டுக்கோழி?

இலங்கையின் தேசியப் பறவை, உலகில் வேறெங்கும் இல்லாதது. காட்டை ஒட்டிய வன்னி வயல்களில் கரையோரம் வந்து பொறுக்கும். குடாநாட்டு வயலில் கண்டேன் என்று யாராவது சொன்னால் எனக்கும் காட்டுங்கள்.

வயலில் நடந்து திரிகிற எல்லாப் பறவையும் நெல் தின்னுமா?

இல்லை, இங்கேதான் அநியாயம் நடக்கிறது. ஆட்காட்டி வெறும் தரையில் நான்கு முட்டை போட்டுவிட்டு உங்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டு பறக்கும். தின்பது பூச்சியும் புழுவும்தான். உழவு இயந்திரத்துக்குப் பின்னால் வருகிற கொக்குக்கும் நெல் வேண்டாம், மண்ணில் இருந்து கிளம்புகிற பூச்சிதான் வேண்டும். செண்பகம் வேலியோரம் நடந்து நத்தையும் ஓணானும் பிடிக்கும். கானாங்கோழி கொஞ்சம் விதை தின்னும், கூடவே நத்தை, புழு, பூச்சியும் தின்னும். குளத்தடி வயல்காரர் மட்டும் நீலத் தாழைக்கோழியைக் கவனிக்க வேண்டும். அது இளம் தண்டைக் கடித்து முறிக்கும்.

நெல்லைத் தவிர மற்றப் பயிர்களுக்கு?

நெல்லைவிட அங்கேதான் அடி பலம். நெல் வீசி விதைப்பது, நூறு மணி போனால் மிச்சம் மட்டம் வெடிக்கும். சோளம் அப்படி இல்லை. ஒரு குழிக்கு ஒன்று, இரண்டு விதை. அது போனால் அந்த இடம் போனதுதான். மயிலும் காகமும் வரிசையைப் பிடித்துக்கொண்டு குழி குழியாக நடந்து போவதைப் பார்த்தால், யாரோ பழக்கிவிட்டது போல இருக்கும். கச்சானும் (நிலக்கடலை) அப்படித்தான். பயறு, உழுந்து, கௌபி முளைத்து இரண்டு பருப்பும் மேலே தலை காட்டுகிற அந்த மூன்று நான்கு நாள் ஆபத்து.

குரக்கன், சாமை, தினை போன்ற சிறுதானியத்துக்கு நிலப் பறவையைவிடக் கதிரில் தொங்குகிற நெல்லுக்குருவியும் கிளியும்தான் எதிரி. ஊரில் ஒருவர் மட்டும் கால் ஏக்கர் தினை போட்டால் அறுக்க ஒன்றும் மிஞ்சாது. நான் போட்டேன், மிஞ்சவில்லை.

வெருளி வேலை செய்யுமா?

மூன்று நாள் செய்யும். நாலாம் நாள் கவுதாரி அதன் நிழலில் நின்று இளைப்பாறும். வெருளியின் பிழை அல்ல அது. ஒரே இடத்தில், ஒரே சேட்டோடு, ஆடாமல் நிற்கிற எதுவும் பறவைக்கு மரம்தான். இரண்டு நாளுக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள், காற்றில் ஆடுகிற கை வையுங்கள். கயிற்றில் கட்டிய தகரப் பேணி, பழைய சீடி, மின்னுகிற நாடா எல்லாவற்றுக்கும் இதே விதி. முன்பு கசெட் நாடாவை முறுக்கிக் கட்டுவோம், காற்றில் ஒரு முனகல் சத்தம் வரும். பேணியை இன்று, நாடாவை நாளை, சீனவெடியை மறுநாள் என்று மாற்றி மாற்றி வைத்தால் அந்தப் பத்து நாளை ஓட்டிவிடலாம். எங்களுக்குத் தேவையும் பத்து நாள்தானே.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் சிறந்தது ஒரு நாய். விடியவும் பொழுது சாய்கிற நேரமும் வேலியோரம் நாயோடு ஒரு சுற்று நடந்தால் போதும். நிலப் பறவை சாப்பிட இறங்குவது அந்த இரண்டு நேரமும்தான். மத்தியானம் அதுவும் நிழலில் படுத்திருக்கும், நீங்களும் படுக்கலாம்.

பட்டம் ஏற்றினால்?

வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டப் போட்டி நடக்கிற காலமும் கதிர் முற்றுகிற காலமும் ஒன்று. விண் என்ற அதிரும் நாடா கட்டிய பட்டம் வயலுக்கு மேல் கூவிக்கொண்டு நின்றால் புறாவும் கிளியும் ஒதுங்கும். பருந்து வடிவில் கட்டினால் இன்னும் நல்லது. கவுதாரி மட்டும் பறந்து போகாது, மேலே ஆபத்து என்றால் பயிருக்குள் பதுங்கும். அதாவது அதைப் பட்டம் விரட்டாது, ஒளிக்க வைக்கும். பதுங்கிய இடத்திலும் தின்ன ஏதாவது இருக்கும்.

பழைய மீன் வலையைக் கட்டலாமா?

கரையோர ஊர்களில் கிழிந்த வலை சும்மா கிடைக்கும் என்பதால் எல்லோரும் கேட்கிறார்கள். வேலியின் அடியில் இரண்டடி உயரத்துக்கு இறுக்கிக் கட்டினால் கவுதாரியும் அயல்வீட்டுக் கோழியும் நிற்கும். தளரத் தொங்கவிட்டால் பாம்பு, உடும்பு, ஆட்காட்டி எல்லாம் சிக்கிச் சாகும். எலி பிடிக்கிற சாரைப்பாம்பு வலையில் செத்தால் நட்டம் உங்களுக்குத்தான். தினமும் ஒருமுறை பார்க்க முடியாதவர் வலை கட்ட வேண்டாம். பயிர் பிடித்தவுடன் சுருட்டி எடுத்துவிடுங்கள்.

விதையில் மருந்து பிரட்டி வைத்தால் ஒரே நாளில் முடியுமே?

முடியும். உங்கள் நாயும் பக்கத்து வீட்டுப் பூனையும் சேர்ந்து முடியும். செத்த எலியைத் தின்ற ஆந்தையும் போகும், அடுத்த போகத்தில் எலி பெருகும். மருந்து பிரட்டிய நெல்லைச் சிறுபிள்ளை கையில் எடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. செய்யாதீர்கள்.

கண்ணி வைத்துப் பிடிக்கலாமா? கவுதாரி இறைச்சி நல்ல ருசி என்கிறார்களே?

1937ஆம் ஆண்டின் தாவர விலங்குகள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது, பல தடவை திருத்தி இறுக்கியும் இருக்கிறார்கள். கவுதாரியும் காட்டுக்கோழியும் அதன் பாதுகாப்பில் வருகின்றன. பிடித்தால் வழக்கு. துவக்கு என்ற கதையே வேண்டாம். கட்டுத்துவக்கு (தட்டுப்பட்டால் தானே வெடிக்கும் பொறி) வைத்தால் சாவது பறவை அல்ல, விறகு பொறுக்கப் போகிற ஆள்.

மயிலைச் சுடலாம் என்று அரசாங்கமே சொன்னதாமே?

2023இல் அப்போதைய விவசாய அமைச்சர், பயிரை அழிக்கும் குரங்கு, மயில், பன்றி போன்றவற்றுக்குப் பாதுகாப்பு இல்லை என்ற மாதிரி அறிவித்தார். செய்தியில் வந்தது அவ்வளவுதான். மேடையில் சொல்வது வேறு, சட்டப் புத்தகத்தில் இருப்பது வேறு. வழக்கு என்று வந்தால் நீதவான் பார்ப்பது புத்தகத்தை. வனசீவராசிகள் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்காமல் எதிலும் இறங்காதீர்கள்.

பிறகு 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணியில் இருந்து ஐந்து நிமிடம் நாடு முழுவதும் குரங்கு, மர அணில், மயில் எண்ணச் சொன்னார்கள். நானும் தாளும் பேனையுமாக வரம்பில் நின்றேன். முதல் நாள் அதே இடத்தில் ஒன்பது மயில் நின்றன. எண்ணுகிற ஐந்து நிமிடத்தில் ஒன்றுகூட வரவில்லை. எட்டேகாலுக்கு ஆறு வந்தன. பூச்சியம் என்று எழுதிக் கொடுத்தேன். ஐந்து நிமிடக் கணக்கின் பலமும் பலவீனமும் எனக்கு அன்று விளங்கியது.

இந்தப் பறவைகளால் நன்மையே இல்லையா?

கவுதாரியால் உண்டு. அதன் குஞ்சுகள் முதல் சில கிழமை பூச்சியை நம்பித்தான் வளரும். பெரியதும் கறையான், வண்டு, வெட்டுக்கிளி என்று தின்னும். அறுவடை முடிந்த அரித்தாளில் சிந்திய நெல்லையும் கோழிச்சூடன் களை விதையையும் பொறுக்கும், அந்த நெல் உங்களுக்கு எப்படியும் வரப்போவதில்லை. இதைக் காசுக் கணக்கில் நிறுத்துக் காட்ட எனக்குத் தெரியாது. ஆனால் வருடத்தில் பத்து நாள் எதிரியாக இருந்துவிட்டு மிச்ச நாள் முழுக்க வயலைத் துப்புரவாக்குகிற ஆளை நான் எதிரிப் பட்டியலில் வைக்கமாட்டேன். மயிலுக்காக இதே அளவு வக்காலத்து வாங்க எனக்கு மனம் வரவில்லை.

வேலியோரப் பற்றையை வெட்டி எரித்துவிட்டால்?

வயலை ஒட்டி மூன்று நான்கு மீற்றரை விதைப்புக்கு முன் துப்புரவாக்குங்கள். பறவை வெட்டவெளியைக் கடந்து வரப் பயப்படும். அது போதும். காணி எல்லை வரை எரித்தால் கிளுவையும் பூவரசும் சேர்ந்து போகும், காற்று நேரே பயிரில் அடிக்கும், மறுவருடம் வேலி அடைக்க ஊன்றுகிற கதியால் தடியும் இல்லை.

நட்டஈடு கிடைக்குமா?

வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் காட்டு யானைக்கும் காப்புறுதி என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். கவுதாரி தின்றது என்று ஒரு படிவம் கொண்டு போனால் உத்தியோகத்தர் முகத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். மயில் நட்டம் என்றால் படம் எடுத்து, திகதி போட்டு, உங்கள் கமநல சேவை நிலையத்தில் எழுதிக் கொடுத்து வையுங்கள். பணம் வராவிட்டாலும் முறைப்பாடு பதிவில் இருக்கும்.

எல்லாம் பிந்திவிட்டது. விதைப்பு முடிந்து இருபது நாள், இடையிடையே வெட்டை. இனி என்ன செய்வது?

மேலே மேலே விதை வீசாதீர்கள். இருபது நாள் இடைவெளியில் முளைக்கிற நெல் ஒன்றாக முற்றாது, அருவி வெட்டும்போது பாதி பச்சையாக நிற்கும். நல்ல மழை ஒன்று விழுந்து வயலில் தண்ணீர் நிற்கும்வரை பொறுங்கள். நடு வயலில் அடர்த்தியாக நிற்கிற இடத்தில் இருந்து பயிரை மண்ணோடு பிடுங்கி, வெட்டையில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு மூன்று கன்றாக ஊன்றுங்கள். அடர்த்தியும் குறையும், வெட்டையும் மூடும். எங்கள் ஆச்சியும் பெரியம்மாவும் மழைத் தூறலில் யூரியாப் பையைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பின்னேரத்தில் இரண்டு பரப்பு ஊன்றி முடித்துவிடுவார்கள். இப்போது அதே வேலைக்கு நான்கு பேரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஆள் கிடைத்தால் ஐப்பசி முடியும் முன் செய்துவிடுங்கள்.